மூன்று அருள் நிறைந்த மந்திரமும் ஆறாத மனசும்

சாமியிடம், அதாவது கத்தோலிக்கக் குருவிடம், பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து வருகிறவர்களில் சிலருடைய முகத்தில் நிம்மதி இருக்காது. ஏமாந்துபோனவர் முகம் மாதிரி இருக்கும். இருபது வருஷம் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியதைச் சொல்லியாயிற்று. சாமியும் பொறுமையாகக் கேட்டார். மூன்று அருள் நிறைந்த மந்திரம் (மாதாவை நோக்கிய சின்ன ஜெபம்) அபராதமாகச் சொல்லச் சொன்னார், பாவப்பொறுத்தல் கொடுத்தார், சமாதானமாய்ப் போ என்றார். "அவ்வளவுதானா?" என்று வெளியே வந்து கேட்பார்கள். செய்தது இவ்வளவு பெரிசு, அபராதம் இவ்வளவு சின்னது என்றால், நான் சொன்னது சாமி காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது! அடுத்த மாதம் அதே பாவத்தை வேறொரு சாமியிடம் கொண்டுபோவார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் இதே ஆள் வேறு உருவத்தில் இருப்பார். ஒவ்வொரு எழுப்புதல் கூட்டத்திலும், அதே பழைய பாவத்துக்காக, முதல் ஆளாக முன்னால் போய் முழங்கால் போடுவார்.

பர்மாவில் ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் உபதேச வேலையும் ஜெபக்குழு வேலையும் பார்க்கிறவர்களுக்கு இந்த முகம் நன்றாகத் தெரியும். இவர்கள் எங்கே சிக்குகிறார்கள், எதை எந்த வரிசையில் செய்தால் முடிச்சு அவிழ்கிறது என்று பார்த்துப் பழகியதை எழுதுகிறோம். கத்தோலிக்கருக்கும் மற்றச் சபையாருக்கும் முறை வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறோம்.

முதலில், "அபராதம்" என்ற சொல்லே பாதி வம்பு. பழைய ஞானோபதேசத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று மனப்பாடம் செய்திருப்போம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்ய மாட்டேன் என்ற பிரதிக்கினை, பாவத்தைச் சொல்லுதல், குரு கற்பித்த அபராதத்தைத் தீர்த்தல். அந்த ஐந்தாவதில் வரும் சொல்லைக் கேட்டதும் நம் தலைக்குள் வருவது கோர்ட்டில் கட்டுகிற பணம்தான். குற்றத்துக்குத் தக்க தொகை, கட்டினால் ரசீது. திருச்சபை அந்தச் சொல்லை விலை என்ற பொருளில் வைக்கவில்லை. அபராதம் மருந்து மாதிரி. காயத்தைக் கழுவிய பிறகு போடுகிற கட்டு. மூன்று ஜெபத்தின் விலைக்கு உங்கள் பாவம் போயிற்று என்று யாரும் கணக்குப் போடவில்லை. விலை வேறொருவர் கொடுத்தாயிற்று என்பதுதான் பெரிய வெள்ளிக்கிழமையின் சங்கதி.

பர்மாவில் வளர்ந்தவனுக்கு இது இன்னும் கஷ்டம். நம்மைச் சுற்றியிருக்கிற பர்மிய வீடுகளில் ‘வுட்’ என்ற பேச்சு அன்றாடம் அடிபடும். செய்த வினை கடனாக நின்று திரும்பி வரும். ‘வுட் லெ’ என்றால் அது வட்டம் சுற்றி வந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். நமக்கும் இது அந்நியமில்லை. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சொல்லித்தானே நம்மையும் வளர்த்தார்கள். அதன் மேல் கலாத்தியர் 6:7 வேறு, மனிதன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்று. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், கிறிஸ்தவன் வாயில் "மன்னிப்பு" என்றும் வயிற்றில் "வுட்" என்றும் இருக்கும். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வயசுக் காலத்தில் தான் செய்தது பிள்ளை தலையில் விடிந்தது என்று பாட்டி உட்கார்ந்துவிடுவார். அந்த இடத்தில் நீளமாகப் பிரசங்கம் செய்ய வேண்டாம். யோவான் 9:2-3 போதும். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்ட கேள்வி நம் பாட்டியின் கேள்வியேதான். இவனுமில்லை, பெற்றவர்களுமில்லை என்று இயேசு அந்தக் கணக்கையே மூடுகிறார்.

விதைத்தது முளைக்காது என்று வேதம் சொல்லவில்லை. குடித்தவனுக்கு ஈரல் கெடும், பொய் சொன்னவனை ஊர் நம்பாது. அது விளைவு. கடவுள் உட்கார்ந்து உங்கள் பேரில் வட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்பது வேறு பேச்சு. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாததால்தான் ஞௌங்லெபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் பிப்ரவரிதோறும் மொட்டையும் முழங்கால் நடையும் நேர்ந்துகொண்டு போகிறவர்களில் சிலர், வருஷா வருஷம் நேர்ச்சையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நேர்ச்சை தப்பென்று சொல்லவில்லை. நன்றிக்காகப் போகிறவர் திரும்பும்போது முகம் மலர்ந்திருக்கும். தவணை கட்டப் போகிறவர் திரும்பும்போது அடுத்த தவணையை யோசித்துக்கொண்டு வருவார். நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

லூக்கா 15இல், தகப்பனிடம் பங்கை வாங்கிக்கொண்டுபோய்த் தொலைத்த இளைய மகன் பன்றிக் கொட்டிலில் உட்கார்ந்து ஒரு பேச்சு தயார் செய்கிறான். மூன்று பகுதி: பாவம் செய்தேன், உம் மகன் என்று சொல்ல நான் தகுதியில்லை, உம் கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். 18, 19 வசனங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே பேச்சை ஆரம்பிக்கிறான். 21ஆம் வசனத்தைக் கவனமாகப் பாருங்கள்: முதல் இரண்டு பகுதி இருக்கிறது, மூன்றாவது இல்லை. தகப்பன் குறுக்கே புகுந்து, அங்கி கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று ஆள்காரனைக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார். உழைத்துக் கழிக்கிறேன் என்ற அந்த ஒரே வரியைச் சொல்லவிடவில்லை. குற்றவுணர்வில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நாங்கள் முதலில் கொடுக்கும் வேலை இதுதான்: உங்கள் ஜெபத்தில் ‘கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்’ என்கிற வரி எந்த உருவத்தில் வருகிறதென்று ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். "இனிமேல் கறியே சாப்பிட மாட்டேன்", "மகளைக் கன்னியாஸ்திரி மடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்" (மகளைக் கேட்டீர்களா?), "எனக்கு நல்ல துணி வேண்டாம்". எழுதிப் பார்த்தால் அவர்களுக்கே சிரிப்பு வரும்.

மத்தேயு 18இல் ராஜாவிடம் கடன்பட்ட வேலைக்காரன் உவமையின் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அந்த வேலைக்காரன் பட்ட கடன் 10,000 தாலந்து. அதாவது 6 கோடி நாள் கூலி. அவன் கேட்பது என்ன? "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்." தவணை கேட்கிறான்! ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே தள்ளிவிட்டார். ஆனால் வெளியே போனதும், தனக்கு 100 தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஏன்? தனக்குக் கிடைத்தது தவணைதான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவன் மாதிரி வசூலுக்குக் கிளம்பியிருக்கிறான். வீட்டில் பிள்ளைகளின் சின்னத் தப்புக்கும் கத்துகிற தகப்பன், மருமகளை விடாமல் குற்றம் சொல்கிற மாமியார், இவர்களில் பலர் உள்ளுக்குள் பழைய கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள்தான். அடுத்தவருக்கு மன்னியுங்கள் என்று இவர்களுக்கு உபதேசிப்பதில் பலனில்லை. இவர்கள் கடனைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

எது பாவம், எது துக்கம்

பாவமன்னிப்புக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் மூட்டையில் எல்லாமே பாவம் இல்லை. இதைப் பிரிக்காமல் நேராகப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினால் மனசு ஆறாது. ஏனென்றால் இல்லாத பாவத்துக்கு மன்னிப்பு கிடைத்தால் எங்கே போய் ஒட்டும்?

பௌத்தரின் விளக்குத் திருநாளான தடிஞ்சுட் பௌர்ணமி முடிந்ததும் பர்மியப் பிள்ளைகள் பெரியவர்கள் காலில் விழுந்து கடோ என்ற வணக்கம் செய்யும்போது, உடலால், வாக்கால், மனத்தால் செய்த பிழை என்று மூன்றைச் சொல்லிப் பொறுத்துக்கொள்ளக் கேட்பார்கள். நாம் பூசையின் ஆரம்பத்தில் சொல்வதில் நான்கு இருக்கிறது: சிந்தனையாலும், சொல்லாலும், செயலாலும், கடமையில் தவறியதாலும். இந்த நாலாவதுதான் இந்த நாட்டுத் தமிழ்க் குடும்பங்களை ஆட்டிவைக்கிறது. செய்யாமல் விட்டது. போகாமல் இருந்தது. விட்டுவிட்டு வந்தது.

1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தவர்கள் வழியிலேயே பல்லாயிரம் பேர் மாண்டார்கள். நடக்க முடியாத கிழவரைச் சத்திரத்தில் விட்டுப் போன கதை எத்தனையோ குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிசுகிசுப்பாகவே இருக்கிறது. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் கப்பலேறியவர்கள் ஒரு பக்கம், போகாமல் நின்றவர்கள் ஒரு பக்கம். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் கை நழுவிப் போன குழந்தை. 2021 ஜூலையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே வீட்டில் உயிர் போய்விட்ட தகப்பன். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாந்தளையில் ஒருவர் பிழைத்து அடுத்த அறையில் இருந்தவர் போனது. "நான் பாவி" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு தாள் போதும். நடந்ததை ஒரே வரியில் எழுதுங்கள். "நான் நல்ல மகனில்லை" என்பது வரியில்லை, "அப்பாவை ஜூலை 14 ராத்திரி தனியாக விட்டேன்" என்பது வரி. கீழே மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அன்றைக்கு, அந்த நேரத்தில், எனக்கு என்ன தெரிந்திருந்தது? என் கையில் என்ன இருந்தது? தெரிந்தும் முடிந்தும் வேண்டுமென்றே விட்டேனா? திருச்சபை சாவான பாவத்துக்குச் சொல்லும் மூன்று நிபந்தனையும் இதேதான்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். மூன்றும் கூடினால்தான் சாவான பாவம். இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, இன்றைக்குத் தெரிந்ததை அன்றைக்கே தெரிந்திருந்ததாக எழுதுவது. "மறுநாள் சிலிண்டர் கிடைத்ததே" என்பார்கள். மறுநாள் கிடைக்கும் என்று முந்தின ராத்திரி தெரியுமா? அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கூட ஒருவர் உட்கார்ந்து எழுத வைப்பதே நல்லது, தனியாக எழுதினால் கை தன் பக்கம் சாயாது, எதிர்ப் பக்கமே சாயும்.

எழுதி முடித்தபின் பாவம் ஒன்றும் தேறவில்லை, ஆனால் வலி அப்படியே இருக்கிறது என்றால், அது துக்கம். அதற்கு மன்னிப்பு தேவையில்லை, அழ இடம் தேவை. சங்கீதம் 88ஐ வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிகள் வரை இருட்டாகவே முடியும் சங்கீதம் அது. துக்கத்தில் இருப்பவரை "ஸ்தோத்திரம் சொல்" என்று அவசரப்படுத்தாத ஜெபம். இறந்தவர் பெயருக்குப் பூசை வைப்பது, அவரைப் பற்றிப் பேச நாலு பேர் உட்காருவது, இதெல்லாம் இங்கே வேலை செய்யும்.

சிலசமயம் பத்து வரியில் ஒன்பது துக்கமும் ஒன்று நிஜமான பாவமுமாக நிற்கும். வரிசையில் நின்றது பாவமில்லை. அதற்கு முந்தின வாரம் அண்ணன் பணம் கேட்டபோது இல்லையென்று பொய் சொன்னது பாவம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

யாரிடம் சொல்வது

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் அதன்பின் செய்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். மத்தேயு 27:3-5. மனம் வருந்தினான். 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான். "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். மனஸ்தாபம், திருப்பித் தருதல், அறிக்கை, மூன்றும் ஆயிற்று. ஆனால் சொன்னது யாரிடம்? அவனை விலைக்கு வாங்கினவர்களிடமே. "எங்களுக்கென்ன? அது உன்பாடு" என்றார்கள். அந்த வார்த்தையோடு தனியாகப் போனவன் திரும்பவில்லை. பேதுரு மூன்று தடவை இயேசுவைத் தெரியாதென்று மறுதலித்தும், அழுதும், மற்றவர்களோடேயே இருந்தான். அதனால் நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது: "இனி இருந்து என்ன" என்ற பேச்சு ஒருவர் வாயில் வந்தால், அன்றைக்கு ராத்திரி அவரைத் தனியாக விடாதீர்கள். உபதேசமெல்லாம் அப்புறம். வீட்டில் ஒருவர் கூடப் படுக்கட்டும், மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கத்தோலிக்கருக்குச் சொல்கிற முறை எளிது. சாவான பாவமென்றால் என்ன பாவம், சுமார் எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும்; கதை வேண்டாம், மற்றவர் பெயர் வேண்டாம், புருஷன் செய்த தப்பைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம் (இது நிறைய நடக்கிறது). மறந்துபோன பாவம் மற்றவற்றோடு சேர்ந்தே மன்னிக்கப்படும்; பிறகு நினைவு வந்தால் அடுத்த தடவை சொன்னால் போதும். அற்பப் பாவங்களைச் சொல்லக் கட்டாயமில்லை, சொல்வது நல்லது. கேட்டதை வெளியே விடும் குரு அந்தச் செயலாலேயே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அவ்வளவு கடுமையான சட்டம் அது.

மொழிதான் நம் ஊரில் பெரிய சிக்கல். பங்குச் சாமி கரேன்காரராகவோ பர்மியராகவோ இருப்பார். தாத்தாவுக்குப் பர்மியம் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும்; பேரனுக்குத் தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி, உள்மனசைச் சொல்ல வராது. பேரன் தாராளமாகப் பர்மியத்தில் சொல்லலாம். தாத்தாவுக்கு, தமிழ் தெரிந்த குரு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்வது முதல் வழி. திருச்சபைச் சட்டம் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் அனுமதிக்கிறது; அவரும் ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் சொந்த மருமகனை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். வெளியாள் ஒருவர், வயதானவர், வாய் கட்டுள்ளவர்.

மற்றச் சபைகளில் 1 யோவான் 1:9 நேரே கடவுளிடம் அறிக்கையிடச் சொல்கிறது என்பார்கள், சரிதான். அதே நேரம் யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ ஒரே ஒரு தடவை முழுதாகச் சொல்வது, நூறு தடவை தலையணைக்குள் சொல்வதை விட வேலை செய்கிறது. சபை நடுவில் சாட்சியாகச் சொல்வதை நாங்கள் தடுத்துவிடுவோம். ஒருவருடைய சாட்சியில் இன்னொருவருடைய மானம் போகும். "ஒரு பெண்ணோடு தவறினேன்" என்று மைக்கில் சொன்னால், சின்ன ஊரில் அந்தப் பெண் யாரென்று டீக்கடையில் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புருஷனிடம் அல்லது பெண்டாட்டியிடம் துரோகத்தைச் சொல்லலாமா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. நம் நெஞ்சைக் காலி செய்ய அவர் நெஞ்சில் கொண்டுபோய்க் கொட்டுவதாக அது ஆகிவிடக் கூடாது. நோய் தொற்றும் ஆபத்தோ, பிள்ளையோ, வேறொருவர் மூலம் தெரியவரும் நிலையோ இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படியும் குருவோடோ ஆலோசகரோடோ பேசாமல் அவசரப்பட வேண்டாம்.

திருப்பித் தருவது

கடவுளுக்குக் கட்டித் தீர்க்க ஒன்றுமில்லை என்றோம். மனுஷனுக்கு? அங்கே பாக்கி அப்படியே நிற்கிறது. பாவப்பொறுத்தல் கிடைத்ததும் பக்கத்து வீட்டுக்காரனின் ஆடு தானாகத் திரும்பிப் போய்விடாது. பேரேடு இரண்டு. மேலேயுள்ளதில் கட்டப் பார்ப்பதும் கீழேயுள்ளதைக் கட்டாமல் விடுவதுமாகத் தலைகீழாக நடப்பதுதான் எங்கும் பார்க்கிறோம். பங்காளியை ஏமாற்றிய பணத்தில் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பார்கள். பங்காளி மூன்று தெரு தள்ளி உயிரோடு இருப்பார்!

எண்ணாகமம் 5:6-8 வரிசையைச் சொல்கிறது: முதலில் உரியவர், அவர் இல்லையென்றால் அவர் உறவினர், அதுவும் இல்லையென்றால்தான் ஆசாரியனிடம். இன்றைய வழக்கமும் அதேதான்: உரியவர், வாரிசு, யாருமே கிடைக்காவிட்டால் ஏழைகளுக்கு. எவ்வளவு? லேவியராகமம் 6இல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரச் சொல்கிறது, அதாவது 20 சதம். திருடி விற்ற அல்லது அடித்த மாட்டுக்கு ஐந்து மாடு, ஆட்டுக்கு நாலு ஆடு என்று யாத்திராகமம் 22:1. வரி வசூலிக்கிற சகேயு நாலத்தனையாகத் தருகிறேன் என்றது அவனுடைய மகிழ்ச்சி. இதெல்லாம் கிறிஸ்தவனுக்குக் கட்டாய விகிதமில்லை, ஆனால் முதலையாவது முழுசாகத் தர வேண்டும் என்பதில் பேச்சில்லை.

பர்மாவில் "முதல்" எவ்வளவு என்பதே பெரிய கேள்வி. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டு ஒரே நாளில் செல்லாமல் போன நாடு இது. அன்றைக்கு எடுத்த ஆயிரம் கியாட்டுக்கு இன்றைக்கு ஆயிரம் கியாட் கவரில் வைத்துக் கொடுத்தால், அது கேலி செய்வது மாதிரி. அந்தப் பணத்துக்கு அந்த வருஷம் எத்தனை மூட்டை அரிசி வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு (மூட்டை 108 பவுண்டு), அத்தனை மூட்டையின் இன்றைய விலையைக் கொடுப்பது நியாயமான கணக்கு. நகையென்றால் எடைக்கு எடை. பர்மிய எடையில் ஒரு கியாட்தா தங்கம் ஏறக்குறைய 16.3 கிராம், ஊர்க் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. இது ஏன் வருகிறதென்றால், 1960களில் ஊருக்குப் போனவர்கள் நகையைக் கொண்டுபோக முடியாமல் நம்பிக்கையானவர்களிடம் கொடுத்துவைத்தார்கள். கொடுத்துவைத்த நகை சில வீடுகளில் பசிக்கு விற்றுப் போயிற்று. அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு எழுபது வயசு. நகைக்காரரின் பேரன் திருச்சியிலோ சென்னையிலோ இருப்பான். பசிக்கு விற்றது திருட்டுக்குச் சமமில்லை, குரு அதைக் கேட்டுச் சொல்வார். இருந்தாலும் விலாசம் தேடி ஒரு கடிதம் போடுவதில் என்ன குறைந்துவிடும்? அங்கேயுள்ள பங்குக் கோயிலுக்கு எழுதினால் விசாரித்துச் சொல்வார்கள்.

முழுத் தொகை இல்லையென்றால் முடிந்தது மாதாமாதம். பெண்டாட்டி பிள்ளை பட்டினி கிடந்து தரச் சொல்லவில்லை. பெயர் சொல்லாமலும் தரலாம். குரு மூலமாகக் கொடுத்தனுப்பினால் யார் என்று அவர் சொல்ல மாட்டார். "இது உங்களுக்குச் சேர வேண்டியது" என்று ஒரு சீட்டு போதும். சில குடும்பங்களில் பெயர் சொன்னால் வெட்டுக்குத்தில் முடியும், அதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

பேரைக் கெடுத்திருந்தால் இதைவிடக் கஷ்டம். பொய் சொல்லிக் கெடுத்திருந்தால், யார் யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். ஜெபக்குழுவில் சொன்னால் ஜெபக்குழுவில். நிஜமான ரகசியத்தைச் சொல்லிக் கெடுத்திருந்தால் பொய்யென்று சொல்ல முடியாது. மேற்கொண்டு பேசாமலிருப்பதும், அவரிடம் உள்ள நல்லதைச் சொல்லி நிற்பதும்தான் வழி.

ஒரு விதிவிலக்கு. பிள்ளைகளிடம் தகாதபடி நடந்தது, பெண்களை அடித்தது, இவற்றை "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு அறைக்குள் வைத்துச் சமரசம் பேசும் வேலையை யாரும் செய்யக் கூடாது. பாதிக்கப்பட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மன்னிக்கச் சொல்வது இன்னொரு அடி. செய்தவர் கடவுளிடம் மன்னிப்புப் பெறலாம். சட்டத்துக்குப் பதில் சொல்லவும் வேண்டும், அந்தப் பிள்ளை பக்கம் இனிப் போகாமலிருக்கவும் வேண்டும்.

மன்னிப்புக் கேட்கும் வார்த்தை

"நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னிச்சிருங்க" என்பது மன்னிப்பில்லை. அந்த "இருந்தால்" எல்லாவற்றையும் கெடுத்துவிடும். "மாமா, 2012இல் கடைக் கணக்கில் நான் எழுதியது பொய். உங்களுக்கு நஷ்டமாயிற்று. இதோ பாக்கி" என்று மூன்று வரி. காரணம் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். தடிஞ்சுட் சமயம் இதற்கு வசதியான வாசல் என்பது எங்கள் அபிப்பிராயம். பழமும் லுங்கியும் எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெற்றவர் காலைத் தொடுவது வழிபாடாகிவிடுமோ என்று சில சபைகளில் தயங்குவார்கள், அவர்கள் உட்கார்ந்தே பேசலாம். ஆனால் கடோவின் பொது வார்த்தைக்குள் குறிப்பிட்ட தப்பை ஒளித்துவிட்டு வராதீர்கள்.

அவர் மன்னிக்காமலும் போகலாம். "வெளியே போ" என்பார். அது அவர் உரிமை, அவசரப்படுத்தக் கூடாது. மறுபடி மறுபடி போய் நிற்பதும் ஒருவிதத் தொந்தரவு. பாக்கியைக் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மறுபடி வரும் நினைப்பு

எல்லாம் முடிந்த பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு நினைப்பு வரும். இதனால் மன்னிப்பு பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பேதுருவை இயேசு திரும்ப அழைத்த கடற்கரையில் கரிநெருப்பு மூட்டியிருந்தது (யோவான் 21:9). மறுதலித்த முற்றத்திலும் கரிநெருப்புதான் (18:18). அதே வாசனை மூக்கில் ஏற, மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. நினைப்பை அழித்துவிட்டுக் கூப்பிடவில்லை, நினைப்புக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து வேலை கொடுத்தார். நினைப்பு வந்தால் மறுபடி மன்னிப்புக் கேட்க ஆரம்பிக்காமல், "இது சொல்லியாயிற்று" என்று ஒரே வாக்கியம் சொல்லி, ரோமர் 8:1ஐ ஒரு தடவை வாசித்துவிட்டுத் திரும்பிப் படுங்கள். ஒரு தடவை.

ஒரு தடவை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலருக்கு இது வியாதியாகிறது. சொன்ன பாவத்தையே சொல்வார்கள். நிம்மதி இரண்டு மணிநேரம்தான் நிற்கும். ஜெபத்தில் ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நன்மை (நற்கருணை) வாங்கப் பயந்து பெஞ்சிலேயே இருப்பார்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரே 1522இல் ஸ்பெயினின் மான்ரேசாவில் இதில் மாட்டி, உயிரை விட்டுவிடலாமா என்ற அளவுக்குப் போனவர்தான். பழைய பாவங்களை இனித் திரும்பச் சொல்வதில்லை என்று முடிவு செய்த பிறகே வெளியே வந்தார். இப்படிப்பட்டவருக்கு ஒரே குரு, ஒரே போதகர். ஆள் மாற்றக் கூடாது. பழையதைச் சொல்ல அனுமதி இல்லை. வீட்டிலுள்ளவர்கள், "கடவுள் மன்னிச்சிட்டாரா?" என்று அவர் நாளைக்குப் பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் பதில் சொல்லக் கூடாது, ஏனென்றால் அந்தப் பதிலே பசியைக் கூட்டும். மாதக்கணக்கில் போனால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இதற்கு மருந்தும் இருக்கிறது, பேச்சுப் பயிற்சியும் இருக்கிறது. பைத்தியம் என்று பேர் வந்துவிடும் என்ற பயத்தில் பேய் ஓட்டக் கூட்டிப்போகாதீர்கள்.

உரியவர் இறந்துபோயிருந்தால் வாரிசுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டு, சொல்ல வேண்டியதை எழுதுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும்போது அந்தக் கடிதத்தைக் கல்லறையில் வாய்விட்டு வாசிக்கலாம், பிறகு அந்த மெழுகுவத்தியிலேயே கொளுத்திவிடலாம். 1990களில் ரங்கூன் நகருக்குள்ளிருந்த கல்லறைகளைப் புறநகருக்கு மாற்றினபோது எலும்பை எடுத்துப்போக முடியாமல் அப்பாவின் கல்லறையே இல்லாமல் போன குடும்பங்களும் உண்டு. அவர்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவைக்கடியில் வாசிப்பார்கள். கடிதத்தில் தேதியும் பெயரும் போட மறக்காதீர்கள், அப்பா என்று மட்டும் எழுதாமல் அவருடைய முழுப் பெயரை எழுதுங்கள்.